தூக்குமரம் இருந்தது, அறமன்றம் எங்கே?



காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூருக்குச் செல்லும் சாலையில் நம்மில் எத்தனையோ பேர் எத்தனையோ முறை சென்று வந்திருக்கின்றோம். திருமணத்திற்குச் சென்றிருக்கின்றோம், சந்தைக்குச் சென்றிருக்கின்றோம், குன்றக்குடி முருகனுக்குக் காவடி சுமந்து சென்றிருக்கின்றோம். அந்தத் திருப்பத்தூரில்தான் 1801-ஆம் ஆண்டு அக்தோபர் 24-ஆம் நாள், சிவகங்கைச் சீமையைத் தம் தோளில் தாங்கிய பெரிய மருதுவும் சின்ன மருதுவும் ஆங்கிலக் கும்பினியாரால் தூக்கிலேற்றப்பட்டனர். இன்று அங்கே நினைவு மண்டபம் உண்டு, ஆண்டுதோறும் மாலை உண்டு, மேடை உண்டு, முழக்கம் உண்டு. ஆனால் எந்த மேடையிலும் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. அவர்களைத் தூக்கிலிட்டது எந்த மன்றத்தின் தீர்ப்பு?

"தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது" என்று நாமும் நா கூசாமல் பேசுகின்றோம். கை கூசாமல் எழுதுகின்றோம். தண்டனை என்றால் அதற்கு முன்னே தீர்ப்பு இருந்திருக்க வேண்டும். தீர்ப்பு என்றால் அதற்கு முன்னே வழக்கு இருந்திருக்க வேண்டும். வழக்கு என்றால் குற்றஞ்சாட்ட ஒருவர், மறுத்துரைக்க ஒருவர், இருவரையும் கேட்க நடுவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாத இடத்தில் நடந்தது தண்டனையா? அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கின்றது. கொலை என்பதே அச்சொல்.

மன்னர்கள் கொல்லப்பட்டார்களே என்று ஒப்பாரி வைக்க இக் கட்டுரையை எழுதவில்லை. முடியை வணங்கும் கூட்டம் அல்லோம் யாம். தவறிழைத்த அரசனைக் குடிகள் கூண்டில் நிறுத்தலாம் என்பதில் எமக்கு ஐயமே இல்லை. அதை நமக்கு மேலை நாட்டார் வந்து சொல்லித்தர வேண்டியதும் இல்லை. மதுரைப் பேரவையில் கையில் ஒற்றைச் சிலம்புடன் புகுந்த பெண்ணொருத்தி, பாண்டியனையே குற்றவாளியாக்கிச் சான்று காட்டி வழக்குரைத்ததும், அவன் தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விட்டதும் சிலப்பதிகாரம் சொல்லும் செய்தி. அங்கே வழக்குரைத்தவள் அந்நாட்டு மண்ணில் கணவனைப் பறிகொடுத்தவள். தீர்ப்பைத் தானே சொல்லிக்கொண்டவன் அந்நாட்டு மன்னன். யாரோ கடல் கடந்து வந்து நடுவராக அமரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மன்னனைத் தீர்ப்பிடும் உரிமை அவன் குடிகளுக்கு உண்டு. அவர்களுக்கு மட்டுமே உண்டு.

இனி, அந்த ஆங்கிலேயன் தன் மண்ணில் என்ன செய்தான் என்று பாருங்கள்.

1649-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், இலண்டன் வெசுட்டுமினிசுட்டர் மண்டபத்தில் ஆங்கில மன்னன் முதலாம் சார்லசு குற்றவாளியாகக் கொண்டுவரப்பட்டான். தன் மக்கள் மீதே போர் தொடுத்தான் என்பது குற்றச்சாட்டு. தலைமை நடுவர் பிராட்சா. குற்றச்சாட்டைப் படித்தவர் குக்கு என்னும் வழக்குரைஞர். சார்லசு அதற்கு விடையே சொல்லவில்லை. மாறாக ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டான்: என்னை இங்கே நிறுத்த உங்களுக்கு யார் தந்தார் உரிமை? இங்கிலாந்து மக்களின் பெயரால் நிறுத்துகின்றோம் என்றது மன்றம். அப்போது மாடத்தில் முகமூடி அணிந்து அமர்ந்திருந்த ஒரு பெண்மணி, படைத்தலைவர் பேர்பாக்சின் மனைவி, அம் மக்களில் காற்பங்கு கூட உங்கள் பின்னே இல்லை என்று கூவினார். அது பொய்யுமன்று, அதற்கு முந்தின திங்களில்தான் படை வீரர்கள் நாடாளுமன்ற வாயிலில் நின்று தமக்கு ஒவ்வாத உறுப்பினர்களை விரட்டியிருந்தார்கள். ஆக, குறையுள்ள மன்றந்தான். ஆயினும் அரசன் கேட்டான். அவன் கேட்டது எழுதப்பட்டது. 59 பேர் தம் பெயரைக் கைப்பட எழுதி முத்திரை வைத்து அவன் சாவுக்குப் பொறுப்பேற்றார்கள். சனவரி 30-ஆம் நாள் பகலில், தெருவில், ஊரார் முன்னிலையில் தலை வெட்டப்பட்டது. பின்னாளில் அரசாட்சி திரும்பியபோது அவ்வாறு கையெழுத்திட்டவர்களுள் பலர் அதற்காகவே உயிர் துறந்தார்கள். குரோம்வெல்லின் பிணத்தைத் தோண்டி எடுத்துக்கூடத் தூக்கில் தொங்கவிட்டார்கள். பெயர் எழுதிக் கொன்றவனிடம் பின்னொரு நாள் கணக்குக் கேட்கவாவது முடிந்தது!

பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள். பதினாறாம் இலூயியை உசாவவே கூடாது, உசாவினால் அவன் குற்றமற்றவனாகவும் இருக்கலாம் என்று ஒப்புவதாகிவிடும், ஆகவே நேரே கொன்றுவிடுக என்று 1792 திசம்பரில் உரோபெசுபியர் முழங்கினார். மக்கட் பேரவை அதை ஏற்கவில்லை. மன்னனுக்கு வழக்குரைஞர்கள் தரப்பட்டார்கள். தெ செசு என்பவர் எழுந்து நின்று அவனுக்காக வாதாடினார். சனவரித் திங்களில் உறுப்பினர் ஒவ்வொருவராக மேடையேறித் தம் தீர்ப்பை வாய்விட்டு உரைத்தனர். இரவும் பகலுமாக ஒரு நாளுக்கு மேல் அந்த வாக்கெடுப்பு நீண்டது. சாவொறுப்பு என்றோர் 387 பேர்; வேறு வகை சொன்னோர் 334 பேர். அவ்வவையில் உறுப்பினராயிருந்த தாமசு பெயின், ஆங்கில நாட்டில் பிறந்தவர், முடியாட்சியின் கடும்பகைவர், அவரே எழுந்து 'முடியாட்சியைக் கொல்லுங்கள், ஆளைக் கொல்லாதீர்கள்' என்னும் கருத்துப்படப் பேசினார். இடைமறிப்புகளுக்கு நடுவிலும் அவர் கருத்து அவையில் ஒலித்தது. 1793 சனவரி 21-ஆம் நாள் இலூயியின் தலை வீழ்ந்தது. அரசி மரி அந்துவானெத்துக்கு இரண்டே நாள் உசாவல்தான். அதுவும் பழியும் இழிசொல்லும் நிறைந்த உசாவல். அதை யாம் புகழமாட்டோம். எனினும் அவளுக்கும் பேச வாய் இருந்தது.

இச் செய்தி இலண்டனுக்கு எட்டியபோது என்ன நேர்ந்தது? ஆங்கில அரசு துயர் கொண்டாடிற்று. மூன்றே நாளில் பிரெஞ்சுத் தூதனை நாட்டை விட்டு வெளியேற்றிற்று. மன்னனைக் கொன்ற கொடியவரோடு உறவு இல்லை என்று உலகுக்குப் பறைசாற்றிற்று. அரசியின் துன்பத்துக்காக எட்மண்டு பர்க்கு 1790-ஆம் ஆண்டிலேயே ஏடு நிறையக் கண்ணீர் வடித்திருந்தார்.

அந்தப் பர்க்குதான் கும்பினியின் தலைமை ஆளுநராயிருந்த வாரன் ஏசுட்டிங்சு மீது வழக்குத் தொடுத்தவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். வங்கத்தைச் சுரண்டிய அந்த ஆளுக்கு நடந்த உசாவல் எத்தனை ஆண்டு தெரியுமா? 1788 பிப்ரவரியில் தொடங்கி 1795 ஏப்பிரலில் முடிந்தது. ஏழாண்டு! சார்லசு நின்ற அதே வெசுட்டுமினிசுட்டர் மண்டபத்தில்! முடிவில் குற்றமற்றவன் என்று விடுதலையும் ஆனான். தன் கூலியாளுக்கு ஏழாண்டு வழக்கு நடத்தத் தெரிந்த இனம், அவ் வழக்கு முடிந்த ஏழாண்டுகளுக்குள் நம் மருதிருவருக்கு ஏழு நாள் கூடத் தரவில்லை.

முதலில் கயத்தாறு. 1799-ஆம் ஆண்டு அக்தோபர் 16. மரி அந்துவானெத்து தலை வெட்டுண்ட அதே நாள், ஆறாண்டு கழித்து! புதுக்கோட்டைத் தொண்டைமானால் பிடித்துக் கொடுக்கப்பட்ட கட்டபொம்மனைப் பானர்மென் என்னும் படைத்தலைவன் உசாவினானாம். யார் அந்தப் பானர்மென்? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியவன். போரில் எதிர்த்தரப்பு அவன், குற்றஞ்சாட்டியவன் அவன், சான்று அவன், நடுவன் அவன், தூக்குக் கயிற்றுக்கு ஆணை தந்தவனும் அவனே. அவையென்று கூட்டி வைத்தது யாரை? பாளையக்காரர்களை. தீர்ப்புச் சொல்வதற்கன்று, பார்த்து நடுங்குவதற்கு! கட்டபொம்மன் அவர்களை இடமும் வலமும் இகழ்ச்சியோடு நோக்கியவாறு தளராத நடையில் சென்றான் என்பதைக் கொன்றவனே தன் மேலிடத்துக்கு எழுதி வைத்திருக்கின்றான். பகைவன் எழுத்திலும் மறைக்க முடியாத வீரம் அது. அக் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்களா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. தம் கோட்டைகளை இடித்துக்கொள்ளவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் அவர்களுக்கு ஆணை பிறந்தது. கட்டபொம்மனுக்குக் கயத்தாற்றில் சிலை எழுப்ப, விடுதலைக்குப் பின்னும் இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. அதையும் ஒரு நடிகர், சிவாசி கணேசன், தம் பணத்தில் இடம் வாங்கிச் செய்ய வேண்டியிருந்தது.

இனிச் சிவகங்கை. இங்கேதான் கும்பினியின் சட்டப்புரட்டு முழுதாக வெளிப்படுகின்றது.

மருதிருவர் மேல் சாட்டிய குற்றம் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள் என்பது. எந்த அரசு? 1792-இல் நவாபு முகம்மது அலியோடு செய்த உடன்படிக்கைப்படி, பாளையங்களிடம் நவாபின் பெயரால் திறை தண்டும் உரிமையே கும்பினிக்குக் கிடைத்தது. தண்டல்காரன் அவன், ஆண்டை அல்லன். கருநாடக ஆட்சியே கும்பினியின் கைக்கு மாறிய நாள் 1801 சூலை 31. அதுவும் எப்படி? சூலை 15-இல் நவாபு உம்தத்துல் உமரா இறந்தார். அவர் மகன் அலி உசேன், ஆட்சியைத் தாரைவார்க்க மறுத்தார். உடனே வேறொருவரைப் பிடித்து நவாபாக்கி அவர் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் சின்ன மருது, ஐரோப்பியரை விரட்டச் சாதி சமயம் பாராது எல்லாரும் எழுக என்று திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோவில் மதிலிலும் அறிக்கை ஒட்டுவித்தது அதற்கு முன்பே, சூன் 16-ஆம் நாள்! சூலை இறுதியில் அரசனானவனுக்கு எதிராகச் சூன் நடுவில் எப்படி ஐயா கலகம் செய்ய முடியும்? பிறவாத பிள்ளையை அடித்தான் என்று ஒருவன் மேல் வழக்குப் போடும் ஊர் உலகில் எங்கேனும் உண்டா?

இதே புரட்டைத்தான் 1858-இல் தில்லியிலும் செய்தார்கள். முகலாயப் பேரரசரின் ஆணை பெற்றே வங்கத்தில் வரி தண்டத் தொடங்கிய கும்பினி, அம் மரபின் கடைசி அரசர் பகதூர்சாவைத் தன் குடிமகன் என்று சொல்லி, இரண்டகம் செய்தார் என்று அவருடைய செங்கோட்டையிலேயே உசாவி, இரங்கூனுக்குக் கடத்திற்று. அங்கே ஒரு நாடகமாவது நடத்தினார்கள். திருப்பத்தூரில் அந்த நாடகத்துக்கும் மெனக்கெடவில்லை.

"மருதிருவர் அரச மரபினர் அல்லரே, சேர்வைக்காரர்கள்தாமே, அவர்களை எப்படி மன்னர் வரிசையில் வைப்பது?" என்று சிலர் கேட்பர். இக் கேள்வி முதன்முதல் கும்பினியின் வாயிலிருந்து வந்தது என்பதை அவர்கள் அறிவார்களா? ஆம், அவர்கள் பட்டத்துக்குப் பிறந்தவர்கள் அல்லர். 1772-இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் வீழ்த்தப்பட்டபோது, வேலு நாச்சியாரை விருப்பாட்சிக்குக் காத்து அழைத்துச் சென்று, ஐதரின் துணை பெற்று, 1780-இல் மீண்டும் அரியணையேற்றியவர்கள். சீமையின் ஆட்சி அவர்கள் கையில் வந்தது உழைப்பால். குருதி வழியால் அன்று. எமக்கு அது அவர்களின் பெருமையாகப் படுகின்றதே ஒழியச் சிறுமையாகப் படவில்லை. பிறப்பால் மன்னராயிருந்தவர் வேலு நாச்சியாரின் மருமகனார் வேங்கன் பெரிய உடையத் தேவர். அவருக்காவது உசாவல் நடந்ததா? அவரைக் கப்பலேற்றினார்கள்! அரச மரபு இல்லாதவரைத் தூக்கிலேற்றினான். அரச மரபு உடையவரைக் கப்பலேற்றினான். மரபுரிமை பேசிய கும்பினியின் மரபுப்பற்று அவ்வளவுதான்.

காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலை நாம் அறிவோம். சின்ன மருதுவின் மாளிகை அங்கேதான் இருந்தது. 1795-ஆம் ஆண்டளவில் அவரோடு பழகிய வெல்சு என்னும் ஆங்கிலப் படையாள், அவரிடம் வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதைப் பின்னாளில், 1830-இல், நூலாக எழுதினான். காவலே இல்லாத அவை அது என்கின்றான். எவரும் உள்ளே போகலாம், வரலாம். ஆயினும் அவர் தலையசைப்பே சட்டம் என்கின்றான். இப்படி எழுதிய அவனே 1801-இல் அக்னியூவின் படையோடு வந்தான், தன் ஆசானின் ஊரை அழிக்க! படை நெருங்கியபோது சிறுவயல் மக்கள் தம் வீடுகளுக்குத் தாமே தீயிட்டுவிட்டுக் காடேகினர். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கும்பினிப் படை ஒரு திங்களுக்கு மேல் மாரடித்தது; முடியாமல் கைவிட்டது.

காட்டால் வெல்ல முடியாததைக் காட்டிக்கொடுப்பால் வென்றார்கள். செப்டம்பர் 12-ஆம் நாள் சோழபுரத்தில் கவுரி வல்லப உடையத் தேவரைச் சீமைக்கு உரியவர் என்று அக்னியூ அறிவித்தான். மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அக்தோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. மருதிருவர் தலைக்கு விலை வைக்கப்பட்டது. தொடையெலும்பு நொறுங்கிய நிலையில் சின்ன மருது பிடிபட்டார். நடக்க முடியாத மனிதரைத் தூக்கிச் சென்று தூக்கிலிட்டார்கள்! அவர்தம் குடும்பத்து ஆண்மக்கள் பலரையும் கொன்றார்கள். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. திசம்பர் முதல் நாள், தமிழன் படைக்கலம் ஏந்தவே கூடாது என்று ஆளுநர் ஆணை. 1803-இல் சிவகங்கை நிலையான சமீனாயிற்று.

கவுரி வல்லபரையும் தொண்டைமானையும் நாம் பழிக்காமல் விட்டால் இக் கட்டுரை பாதிப் பொய்யாகும். வெள்ளையன் தானே காட்டுக்குள் புகுந்து மருதுவைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர்களைப் பழிப்பதோடு நின்றுவிட்டால் மற்றப் பாதியும் பொய்யாகும். கயிற்றை முறுக்கியவன் வேறு. கழுத்தைக் காட்டிக்கொடுத்தவன் வேறு. இருவர் கணக்கும் தனித்தனி.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோருள் சின்ன மருதுவின் கடைசி மகன் துரைச்சாமியும் ஒருவன். மீசை அரும்பாத சிறுவன். 1818-இல் பினாங்கில் ஒருவன் தன்னிடம் வந்து நின்றபோது வெல்சுக்கு அவனை யாரென்றே தெரியவில்லை. இளமையிலேயே கிழவனாகிவிட்டிருந்தான். பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது வெல்சே கலங்கிப் போனான். பதினாறாண்டுச் சிறைவாழ்வுக்கு அப் பையன் செய்த குற்றம் என்ன? சின்ன மருதுவுக்குப் பிறந்தது!

இதற்கெல்லாம் இன்று நாம் என்ன செய்து கொண்டிருக்கின்றோம்? 2004-இல் அஞ்சல்தலை வந்தது, மகிழ்ச்சி. அக்தோபர் வந்தால் சிவகங்கை மாவட்டத்துச் சுவரெல்லாம் சாதிப் பட்டத்தோடு மருதுவின் படம். சாதி சமயம் பாராது எழுக என்று மதிலில் ஒட்டியவரைச் சாதிச் சுவரொட்டியில் ஒட்டுகின்றோம்! ஊருக்குள் வண்டி வரத் தடையாணை, கூட்டம் கூடத் தடையாணை. தூக்கிலேறியவருக்கு மாலையிடக் காவற்படை காவல் நிற்கின்றது. அந்த இரைச்சலுக்கு நடுவே மேடையேறும் தலைவர், ஒலிபெருக்கியில், வெள்ளையனின் அதே சொற்களைத் தமிழில் ஒப்பிக்கின்றார்: "கலகம் செய்தார்", "தண்டனை பெற்றார்". பாளையக்காரர் கலகம் என்று அவன் எழுதியது அவனுக்குச் சரி. கொலைக்கு அவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நமக்கு எதற்கு அந்தப் பெயர்?

வரும் அக்தோபரில் சுவரொட்டி அடிப்போர், பதாகை எழுதுவோர், மலர் வெளியிடுவோர், பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்கள் ஆகிய அனைவரிடமும் யாம் வேண்டுவது இதுவே. "தண்டனை" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். "கலகம்" என்ற சொல்லை அடித்துவிட்டுப் "போர்" என்று எழுதுங்கள். திருப்பத்தூரில் பலகை வைக்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் இவ்வாறு எழுதட்டும்:

போரில் சிறைப்பட்ட பெரிய மருதுவும் சின்ன மருதுவும், அவர்தம் மக்களும் உறவினரும், தமிழ் மண்ணில் எவ்வகை ஆட்சியுரிமையும் இல்லாத ஆங்கிலக் கும்பினியாரால், வழக்கின்றி, தீர்ப்பின்றி, 1801 அக்தோபர் 24-ஆம் நாள் இவ்வூரில் கொல்லப்பட்டனர்.